வட்டத்தில் பத்தாவது ஆள்

அன்புள்ள ஆராய்ச்சிக்காரனுக்கு,

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை 9.42. நின்றுகொண்டே பேசும் எங்கள் தினசரிக் கூட்டம். வட்டத்தில் நாங்கள் ஒன்பது பேர். சுவர்க் கேமரா வழியாகக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீ ஒருவன். ஆகப் பத்து.

ஆறு நாள் கழித்து உன் கேள்வித்தாள் வருகிறது. ‘வேலையைச் சிறு துண்டுகளாக்கித் தினமும் கூடிப் பேசி முடிக்கும் அஜைல் குழுக்களில் இன்று ஆராய வேண்டிய சிக்கல்கள் எவை?’ ‘உங்கள் குழுவில் பயமின்றிப் பேச முடிகிறதா? ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் தருக.’ டேய், உனக்குச் சூடு சொரணை இருக்கிறதா? சல்லடை அண்ணனின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அவரால் ‘ஒன்று’ என்றுகூடச் சொல்ல முடியாது.

படம் தெளிவாக இல்லை என்று நீ நழுவக் கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்புக்கு நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். கரண்ட் போய் வந்தால் பம்பு விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். முதலிலிருந்து ஏற்றினால் ஆள் காலி. அந்த வேலைக்கான கார்டை, குழுவை நடத்தும் எங்கள் லீட், கண்ணாடிப் பலகையில் ‘முடிந்தது’ கட்டத்தில் ஒட்டினார். சோதித்துப் பார்ப்பது அண்ணன் பொறுப்பு. எதுவும் அவரிடம் தப்பாது, சல்லடை என்று பட்டப்பெயர் வைத்ததே அதனால்தான். அவர் கார்டைப் பிய்த்துப் பழைய இடத்தில் ஒட்டி, “இன்னும் ரெட்டை டோஸ்தான் போகுது சார்” என்றார். லீட் அதைத் திரும்ப நகர்த்தி, “ஆராய்ச்சி பண்றவரு பாத்துட்டு இருக்காருய்யா, இந்த வாரம் முடிச்ச வேலைக் கணக்கு கிராஃப்ல ஏறணும்” என்றார். அண்ணன் மறுபடி பிய்த்தார். “ஏறட்டும் சார், கூடவே ஒரு பாடைக்கும் சொல்லி வச்சிடுங்க” என்றார்.

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினை.

லீட் அவருடைய பிடரியைப் பிடித்து முகத்தைக் கண்ணாடிப் பலகையில் மோதினார். ஒரு தடவையோடு விடவில்லை. பலகை நொறுங்கியது; கார்டுகள் ரத்தத்தில் ஒட்டிக்கொண்டன. கீழே சரிந்தவரின் முகத்தில் ஷூ காலால் மிதித்தார். தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மறைக்க வந்த கையையும் மிதித்தார். நான் பாய்ந்து லீட் சட்டையைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் மூக்கில் விட்டார். மற்றவர்கள் வட்டம் கலையாமல் நின்றார்கள். கூட்டம் முடிய வைத்திருந்த பதினைந்து நிமிட அலாரம் அடித்தது. ஒருத்தி போய் அதை அணைத்தாள். அதற்கப்புறம்தான் எல்லாரும் அசைந்தார்கள்.

திரையில் உன் முகம் அப்போதும் இருந்தது. மைக்கை மூடியே வைத்திருந்தாய்.

அண்ணன்தான் முதலில் கை நீட்டினார், தடுத்தபோது தவறி விழுந்தார் என்று கம்பெனி போலீசில் புகார் கொடுத்திருக்கிறது. ஆறு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அண்ணனைக் கைது செய்யப் போகிறார்களாம். அண்ணி என்னிடம், “தம்பி, வீட்ல கரப்பான் பூச்சியக்கூட என்னைத்தான் அடிக்கச் சொல்லுவாரு. இவரா கை நீட்டியிருப்பாரு?” என்று கேட்டுவிட்டு, அழாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கம்பெனியிடம் இருந்த கேமராப் பதிவை அழித்துவிட்டார்கள். மிச்சம், ஆய்வுக்காக நீ பதிந்து வைத்திருப்பது மட்டும்தான். அதை வெளியே கொடுத்தால் கம்பெனியோடு போட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தம் மீறப்படும், பட்டம் கைநழுவும் என்று போனில் சொன்னாய். நழுவும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நீ பார்க்கிறாய் என்பதற்காகத்தான் அந்த ஆள் கிராஃபை ஏற்றினான். இதை உன் ஆய்வின் எந்த அத்தியாயத்தில் எழுதுவாய்?

உன் அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. நீ போனை எடுப்பதில்லை என்று வருத்தப்பட்டார். பேசு. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நான் இன்னமும் நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

மூக்கு வீங்கிய உன் பழைய ரூம்மேட்

பி.கு. இனி நான் செய்யப் போவது:

1. இன்று மாலை காவல் நிலையம் போய் வாக்குமூலம் கொடுப்பேன். ஆறு பேருக்கு எதிராக ஒருவன், நம்புவார்களா தெரியாது.

2. பம்பை வாங்கப் போகும் மருத்துவமனைக்கு ரெட்டை டோஸ் பற்றி எழுதுவேன். வேலை போகும்.

3. லீட் எதிரில் வந்தால் கையைப் பையில் வைத்துக்கொள்வேன். இதுதான் ரொம்பக் கஷ்டம்.

4. அண்ணியிடம், பார்த்தவன் இன்னொருவன் இருக்கிறான் என்பேன். அவன் வாய் திறப்பானா என்று கேட்பார். அண்ணியின் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். பதிலை நீயே சொல்லிவிடுடா.