சின்னம்மா வெரலுக்குத் தொறக்குற போன்

மேல் டிவிசன்,
பலாங்கொடை.
ஞாயித்துக்கெழமை.

அன்புள்ள மகன் நிரோஷனுக்கு ஒன் அம்மா எழுதுறது. முருகன் புண்ணியத்துல நானும் அப்பாவும் நடமாடிக்கிட்டு இருக்கோம், அப்பாவுக்கு இருமல் மட்டும் விடல, இந்த மழை விடுற வரைக்கும் அதுவும் விடாது. அங்க கட்டார் வெயில்ல நீ தலைக்குத் துணி கட்டிக்கிட்டு வேலை செய்யிறியா, நேரத்துக்குத் திங்கிறியான்னு எனக்கு அதே நெனப்புதான். போன் இருக்கும்போது அம்மா எதுக்குக் கடுதாசி எழுதுறான்னு யோசிப்ப. யோகராஜ் லீவு முடிஞ்சு செவ்வாக்கெழமை ஒங்க கேம்புக்கே திரும்புறான், அவன் கையில குடுத்து விடுறேன். இதைத் தொறக்க யாரு வெரலும் வேணாம், நீ கிழிச்சா போதும்.

நீ அனுப்புன போனைக் குறை சொல்றேன்னு கோவிச்சுக்காத. பாக்க நல்லாத்தான் பளபளன்னு இருக்கு, கையில நிக்கத்தான் மாட்டேங்குது. ஈரக்கையோட ஒண்ணைத் தொட்டா வேற ஒண்ணு போகுது. பழைய பட்டன் போன் கீழ விழுந்தா மூடியை மாட்டிட்டு மறுபடி பேசுவேன், இது விழுந்தா என் உசிரு போயி வருது. எல்லாத்துக்கும் மேல அந்த வெரல் சமாச்சாரம். முப்பது வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்த வெரல்ல ரேகை எங்க இருக்கு, வெடிப்பும் கறையுந்தான் இருக்கு. பத்து வெரலையும் மாத்தி மாத்தி வச்சேன், தேசிக்காய்ப் புளி போட்டுத் தேச்சுக் கழுவிட்டும் வச்சேன், நீ யாருன்னு கேக்குற மாதிரி சும்மா ஆடி ஆடிக் காட்டுது. இதைச் செஞ்சவன் ஒரு நாளாவது எங்க மலையில வந்து நின்னிருந்தா இப்பிடிச் செஞ்சிருப்பானா. கடைசியில டவுன்ல போன் கடை வச்சிருக்க மக்கீன் நானாகிட்ட கொண்டு போனேன், அவரு, வீட்டுல கை மெத்துன்னு இருக்க ஆளு வெரலை வச்சுக்கங்க தங்கச்சின்னாரு. அப்பா தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி புடிக்கிற ஆளு, அவரு வெரலும் என் வெரல் மாதிரிதான். பக்கத்துக் காம்பராவுல, செவுத்துக்கு அந்தப் பக்கம், ஒன் சின்னம்மா பிரேமலதாதான் இருக்கா, புள்ளமடுவத்துல தோட்டத்துப் புள்ளைகளுக்குப் பால் கரைச்சுக் குடுக்குறவ, பன்னு மாதிரி கை. ஒரு தடவை வச்சா, டக்குன்னு தொறந்துருச்சு. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல.

நம்பர் அடிச்சும் தொறக்கலாமாம். அந்த நம்பரை நீ யாருகிட்ட சொன்ன? சின்னம்மாகிட்ட. அவதான் மறக்க மாட்டான்னு சொன்னியாமே. அதைப் போயி அவகிட்ட கேக்குறதுக்கு எனக்கு வாயி வரல. நீ பேசி அனுப்புறதைக் கேக்கணும்னா நான் போனைத் தூக்கிக்கிட்டு அவ வாசல்ல போயி நிக்கணும், அவ தொறந்து, காதுகிட்ட வச்சு, அக்கா, நிரோ பேசியிருக்கான்னு என்கிட்ட சொல்லுவா. என் மகன் பேசியிருக்கான்னு எனக்கே சொல்லுவா. சொல்லிடுறேன் சாமி, எனக்குப் பொறாமைதான். நான் குவைத்துல நாலு வருசம் யாரு வீட்டுப் பீங்கானையோ கழுவிக்கிட்டு இருந்தப்ப ஒனக்குச் சோறு ஊட்டுனது அவதான், பள்ளிக்கூடத்துல சேத்ததும் அவதான், நான் இல்லைங்கல. நான் திரும்பி வந்து பஸ்ஸை விட்டு எறங்குனப்ப நீ அவ சீலைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு இது யாருன்னு கேட்ட. நீ மறந்திருப்ப. எனக்கு மறக்காது. இப்ப நீ அங்க, நான் இங்க, நடுவுல மறுபடியும் அவ.

இதை ஏன் சொல்றேன்னா, நடந்ததுக்கு அதுதான் காரணம். போன ஞாயித்துக்கெழமை அவ தொறந்து குடுத்த போனை வச்சு ஒன் படங்களைப் பாத்துக்கிட்டு இருந்தேன், அப்ப புது நம்பர்ல இருந்து ஒரு மெசேஜ். ஒன் படம் போட்டிருக்கு. அம்மா, என் போன் தண்ணியில விழுந்துருச்சு, இதுதான் புது நம்பர், ஒங்களுக்கு மட்டும்தான் சொல்றேன், வேற யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு எழுதியிருந்துச்சு. மத்த எதையும் நான் யோசிக்கல மகன். எனக்கு மட்டும்னு இருந்துச்சு பாரு, அதுலயே விழுந்துட்டேன். இத்தனை வருசத்துல சின்னம்மாவுக்குத் தெரியாம எனக்கு மட்டும் நீ ஒரு விசயம் சொல்றன்னு நெனச்சு நெஞ்சு நெறஞ்சு போச்சு. அப்புறம், ஒங்க போனுக்கு ஆறு நம்பர் வரும், அதை அனுப்புங்கம்மான்னு வந்துச்சு. சரி சாமின்னு போட்டேன். அதுக்குள்ள போன் இருண்டு போச்சு. மறுபடி அவகிட்டதான் போகணும். துணி தொவைச்ச சவக்காரக் கையைத் துடைச்சுக்கிட்டு வந்தா, யாரு அக்கான்னு கேட்டா. ஒனக்கு எதுக்கு, தொறந்து மட்டும் குடு, பாக்காதன்னு சொன்னேன். மொகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு வெரலை மட்டும் நீட்டுனா. வந்திருந்த ஆறு நம்பரையும் அனுப்பிட்டேன். அவ பாத்திருந்தா அங்கயே புடிச்சிருப்பா. நான்தான் பாக்க விடல.

நீ வெள்ளிக்கெழமை எனக்கு எடுத்துக் கெடைக்காம சின்னம்மா போனுக்கு எடுத்த இல்லையா, போன் தண்ணியில இருந்து சரியாயிருச்சான்னு நான் கேட்டேன், நீ என்னா தண்ணின்னு சிரிச்ச. சோறு கருகுதுன்னு சொல்லி வச்சுட்டேன். ஒரு சோறும் கருகல. மறுநாள் மொத பஸ்ல மக்கீன் நானாகிட்ட ஓடுனேன். அவரு பாத்துட்டு, தங்கச்சி, அந்த ஆறு நம்பரைக் குடுத்ததுல ஒங்க வாட்ஸ்அப் கள்ளன் கைக்குப் போயிருச்சு, ஒங்க பேருல சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் கேப்பான், உடனே எல்லாருக்கும் சொல்லுங்கன்னாரு. பொலிஸ்லயும் எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்தேன். வந்து மொதல்ல ஒன் சின்னம்மாகிட்டதான் சொன்னேன். அவ கை தானா காதுக்குப் போச்சு.

புதன்கெழமையே நான் கவனிச்சேன், தோடு இருந்த எடத்துல ஈர்க்குச்சி சொருகியிருந்தா. அப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா, நிரோவுக்கு ஏதோ வாங்கி அனுப்ப அடகு வச்சிருக்கா, என்னை முந்திக்கப் பாக்குறான்னு நெனச்சு அவகூட ரெண்டு நாள் சரியாப் பேசல. இப்ப அவ போனை எடுத்துக் காட்டுனா. என் பேரு, என் படம். அவசரமாக் காசு வேணும், ஒன்னை விட்டா எனக்கு யாரும் இல்ல, யாருகிட்டயும் சொல்லாத, நேர்லயும் கேக்காத, வெக்கமா இருக்குன்னு எழுதியிருக்கு. தோட்டைக் கழட்டி அடகு வச்சு கள்ளன் சொன்ன பேங்க் கணக்குல போட்டுட்டா. நான் பேசாம மொறைச்சுக்கிட்டுத் திரிஞ்சதை வெக்கம்னு நெனச்சுக்கிட்டாளாம். கூறு கெட்டவளே, அடுத்த காம்பராவுல இருக்கேன், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னு சத்தம் போட்டேன். அதுக்கு அவ, “ஒன்னை விட்டா யாரும் இல்லன்னு நீங்க எழுதியிருந்தீங்க அக்கா, அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்குறது”ன்னா.

என்னை என்ன சொல்லிப் புடிச்சானோ அதையேதான் அவகிட்டயும் சொல்லியிருக்கான். ஆனா மகன், எனக்கு அவன் சொன்னது பொய்யி. அவளுக்கு என் பேருல சொன்னது பொய்யின்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. அழிச்சுத் தொலைன்னேன், இருக்கட்டும் அக்கான்னு போனை மடியில வச்சுக்கிட்டா. எழுதுனது நான் இல்லன்னு தெரிஞ்சும் வச்சிருக்கா. ஒன்னை விட்டா யாரும் இல்லன்னு நானே ஒரு நாள் அவகிட்ட சொல்லியிருக்கணும். கள்ளன் சொல்லித்தான் அவ கேக்க வேண்டியதாப் போச்சு.

மக்கீன் நானா போனைச் சரி பண்ணித் தாறேன்னாரு, தொறக்குறதுக்குப் புது நம்பர் போட்டுத் தாறேன், அந்த வெரலையும் எடுத்துறவான்னு கேட்டாரு. இருக்கட்டும்னு சொல்லிட்டேன். அதுக்காக எனக்குப் பொறாமை தீந்துருச்சுன்னு நெனச்சுக்காத. இனிமே தொறக்குற நம்பர் எதுவானாலும் எனக்குத்தான் மொதல்ல சொல்லணும், வெள்ளிக்கெழமை எடுத்தா என் பேரைத்தான் மொதல்ல கேக்கணும். என் பேருல எது வந்தாலும் என் குரலைக் கேக்காம ஒண்ணும் செய்யாத. நீயும் யாருக்கும் போனுக்கு வர்ற ஆறு நம்பரைக் குடுத்துறாத. தண்ணி நெறைய குடி. மாரியம்மா ஒன்னைக் காப்பாத்துவா, நீ நூறு வருசம் நல்லா இருக்கணும்.

முக்கியமா ஒண்ணு. இதைப் படிச்சுட்டு சின்னம்மாவுக்குத் தோடு வாங்கிக் குடுக்கணும்னு ஒனக்குத் தோணும், ஒன்னை எனக்குத் தெரியும். நீ ஒண்ணும் அனுப்பாத. அதை நான்தான் மீட்டு, என் கையாலதான் அவ காதுல போடுவேன். அதுல ஒனக்குப் பங்கு கெடையாது.

இப்படிக்கு
ஒன்னைப் பெத்த அம்மா
இலட்சுமி