பிரேக் லைட் எரியுதாப்பா?

மார்ச் 3
வார்டில் நின்று நின்று கால் இரண்டும் கட்டையாகிவிட்டன. வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா, "கார்ல பிரேக் லைட் எரியலையாம்மா. பின்னாடி வந்த வேன்காரன் கத்திட்டுப் போறான்" என்றார். எனக்குக் காலை ஷிஃப்ட். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவது அவர்தான். பின்னால் வருகிறவன் இடித்தால் பின்சீட்டில் இருப்பது என் பிள்ளை. சரியாகும்வரை பஸ்ஸில் போங்கள் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மார்ச் 5
வெளியூரிலிருந்து இவர் ஃபோனில்: "பல்பைப் பாரு. இல்லன்னா ஃப்யூஸு." ஃபோனிலேயே வண்டி ரிப்பேர் பண்ணுவதில் என் வீட்டுக்காரரை மிஞ்ச ஆளில்லை. பல்புகள் கறுத்துத்தான் கிடந்தன. புதிது போட்டேன். இந்த விளக்கில் ஒரு தொல்லை — மிதிக்கிறவருக்குத் தெரியாது, பார்த்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். அப்பா பின்னால் நின்றார்.
"எரியுதாப்பா?"
"இல்லம்மா."
ஃப்யூஸையும் மாற்றினேன்.
"இப்ப?"
"ம்ஹூம்."
சே.

மார்ச் 6
பெடலுக்கு மேல் இருக்கும் சுவிட்ச் போய்விட்டதாம். மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மிதித்தேன். அப்பா வெகுநேரம் நின்றுவிட்டு, "லேசா எரியுற மாதிரி இருக்கு... இல்ல, எரியல" என்றார். அசதியில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மெக்கானிக்கை ஃபோனில் பிடித்து வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன்.

மார்ச் 7
வண்டியை மெக்கானிக்கிடமே கொண்டுபோனேன். தானே ஏறி உட்கார்ந்து மிதித்து, என்னைப் பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னார். கண் கூசுகிற சிவப்பு.
"நேத்தும் இப்படித்தான் எரிஞ்சுது. எரியலன்னு யாரும்மா சொன்னது?"
சொன்னது அப்பா.

அன்றே, சாயங்காலம்
செய்யக்கூடாததைச் செய்தேன். அப்பாவைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, பெடலில் காலே வைக்காமல் கேட்டேன்.
"இப்ப எரியுதாப்பா?"
"ஆங்! இப்ப நல்லா எரியுதும்மா."
ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதேன். இத்தனை நாளா என் புள்ளைய... ஊரார் நோவெல்லாம் பாக்குறேன், வீட்ல இருக்கற மனுஷன் கண்ணு தெரியலையே எனக்கு. நானெல்லாம் ஒரு நர்ஸு!

மார்ச் 10
அப்பாவுக்கு நடுப்பார்வை இரண்டு கண்ணிலும் போய்விட்டது. ஓரத்தில் தெரிவதுதான் மிச்சம். போனது திரும்பாது என்றார் கண் டாக்டர்.
"ஏம்ப்பா சொல்லல?"
"சொன்னா சாவிய வாங்கிடுவியே."
ஆணியில் தொங்கிய சாவியை நானே எடுத்துப் பையில் போட்டேன். அப்பா அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்ததா, இல்லையா? கேட்கவில்லை. பாவமாக இருந்தது. ஆனாலும் எடுத்தேன்.

மார்ச் 16
கெஞ்சிக் கூத்தாடி மதிய ஷிஃப்ட் வாங்கியாகிவிட்டது. இன்று பாப்பாவை நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவும் பின்சீட்டில் அவளோடு ஏறிக்கொண்டார். வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெரிய சிக்னல் வந்தது. பாப்பா ஜன்னலை விட்டு முன்னால் எட்டிப் பார்த்து, "தாத்தா, சிவப்பு" என்றாள்.

கண்ணாடியில் பார்த்தேன். அப்பா குனிந்திருந்தார்.

"அம்மா பாத்துக்குவாடா கண்ணு" என்றார் மெதுவாக.

எவ்வளவு நாளாக இவள் சொல்லி இவர் ஓட்டினார்? பச்சை விழுந்தது. பாப்பா அதையும் சொன்னாள்.