தட்டினால் விட்டுவிடுவாள்

ஜூன் 9, திங்கள்

காலையில் ஜூடோ பயிற்சி. கூடப் பயிலும் பொற்கொடி என் வலது கையைப் பூட்டினாள். மெத்தையில் மல்லாந்து, என் கையைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கி, முழங்கை நிமிரும்வரை இழுக்கும் பிடி. தாங்கவில்லையென்றால் தோல்வியை ஒப்புக்கொண்டு மெத்தையில் தட்ட வேண்டும், தட்டினால் விட்டுவிடுவாள். நான் தட்டவில்லை. எப்படியும் உருவிவிடலாம் என்றிருந்தேன். முழங்கைக்குள் ‘சடக்’ என்றது.

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிண்டிய மாதிரி இருக்கிறது.

ஜூன் 10

எலும்பு முறியவில்லை. ஜவ்வு லேசாகக் கிழிந்திருக்கிறதாம். செப்டம்பரில் மாவட்டப் போட்டி. முடியுமா?

ஜூன் 14

பொற்கொடி பயிற்சிக்கே வருவதில்லையாம். போனையும் எடுக்கவில்லை.

ஜூன் 19

சுந்தராபுரத்தில் அவள் வீட்டுக்கே போனேன். என் கைக்கட்டைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

“அந்தச் சத்தம் காதுலயே இருக்குதுங்க்கா. இனி யாரு கையையும் புடிக்க மாட்டேன்.”

“தட்டாம இருந்தது நானு. நீ எதுக்கு அழுகற?”

“உங்க மூஞ்சியப் பாத்துட்டேதான் இழுத்தேனுங்க்கா. வலிக்கறாப்பலயே தெரியல.”

பஸ்ஸில் வரும்போது அதே நினைப்பு. வலியை முகத்தில் காட்டாததைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருக்கிறேனே — யாரிடம் மறைத்தேன்? என் கையை விட வேண்டியவளிடமே.

ஜூலை 8

பிசியோதெரபிஸ்ட் உம்மல் குல்சும் அக்கா ரப்பர் பட்டையை இழுக்க வைக்கிறார். தோளுக்கும் மேல்கைக்கும் வலு வர வேண்டுமாம்.

“வலு வந்துட்டா பூட்டுல இருந்து தப்பிச்சுப்போடலாங்களாக்கா?” என்றேன்.

சிரித்துவிட்டார். “வலு வேணும் கண்ணு. ஆனா எத்தன தண்டால் எடுத்தாலும் முழங்கை பின்னால மடங்காது.”

ஜூலை 30

மெத்தைக்குத் திரும்பினேன். முன்பெல்லாம் உடலைச் சூடாக்கும் பயிற்சிகளுக்குப் பாதியில்தான் வந்து சேருவேன். இன்று முதல் ஆளாக நின்றேன்.

பொற்கொடியும் வந்தாள்! நான்தான் கெஞ்சி வரச் சொன்னேன். மெதுவாகப் பிடிக்க வேண்டும், வலி வருவதற்கு முன்பே நான் தட்ட வேண்டும் என்று பேச்சு. நான் தட்டுவதற்குள்ளேயே விட்டுவிட்டாள்.

“இன்னுங் கொஞ்சம் இழு, புள்ள.”

“மாட்டேனுங்க்கா.”

ஆகஸ்ட் 17

இன்று முழுதாகப் பூட்டினாள். தட்டினேன். விட்டாள். இருவருக்கும் காரணமே இல்லாமல் சிரிப்பு.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாவட்டப் போட்டியில் முதல் ஆட்டம் ஜெயித்தேன். இரண்டாவதிலும் நான்தான் முன்னிலை. கடைசி நேரத்தில் பொள்ளாச்சிப் பெண் என் கையைப் பூட்டிவிட்டாள். கொஞ்சம் தாக்குப்பிடித்தால் மணி அடித்துவிடும். முழங்கை நிமிரத் தொடங்கியது. தட்டினேன்.

உடை மாற்றும் அறைக்கு வந்து அழுதேன். ஏன் பொய் சொல்ல வேண்டும்.

பொற்கொடியையும் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அம்மா வாசலிலேயே கேட்டாள்: “தோத்துட்டியா கண்ணு?”

“ஆமாம்மா.”

“கை?”

“நல்லாருக்கு.”

“செரி, அப்ப அந்த பிரியாணிக் குண்டாவ எறக்கி வெய்யி.”

பொற்கொடி ஒரு பக்கம் பிடிக்க வந்தாள். நானே தூக்கிக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இருவருமாக இறக்கி வைத்தோம்.