கிளினிக் நேரத்தை யார் மாற்றுவது?

மார்ச் 4, செவ்வாய்
பல் துலக்கும்போதே போன். கண் கிளினிக் வரவேற்பில் இருக்கும் அக்கா. "டாக்டர் இன்னைக்கு நாலு மணிக்கே கிளம்பறாராம். வெப்சைட்ல மாத்திடும்மா." வாயில் நுரையோடு "ம்" என்றேன். கிளினிக்கின் நேரம், விடுமுறை எல்லாம் நான் எழுதிய மென்பொருளில் ஒரே ஒரு ஃபைலில் இருக்கின்றன. அதைத் திறக்க என்னால் மட்டும்தான் முடியும். வாரம் பிறந்து இரண்டே நாள். இது நான்காவது அழைப்பு.

மார்ச் 6, வியாழன்
ஏப்ரலில் பத்து நாள் கடலோரம் போகிறோம். மகள் கேட்டாள்: "நீயும் வருவியா, இல்ல உன் லேப்டாப் மட்டும் வருமா?" சிரித்துவிட்டேன். பிறகுதான் சுருக்கென்றது. போன முறை மூன்று நாளில் இரண்டு நாள் ஓட்டல் அறையிலேயே போய்விட்டது. இந்தத் தடவை விடமாட்டேன்.

மார்ச் 7, வெள்ளி
எல்லாவற்றையும் டேட்டாபேஸுக்கு, அதாவது மென்பொருளுக்கு வெளியே இருக்கும் தகவல் கிடங்குக்கு மாற்றி, திருத்த ஒரு வெப் பக்கமும் போட்டுக் கொடுத்தால் அக்காவே மாற்றிக்கொள்வார். இதைச் சொன்னதும் பக்கத்து மேஜைக்காரன் — எதுவானாலும் ஃபைலில்தான் இருக்கணும் என்பதால் ஆபீசில் எல்லோருக்கும் அவன் ஃபைல்சாமி — ஆடித் தீர்த்துவிட்டான். "ஃபைல்ல இருந்தா, பழைய பிரதியெல்லாம் சேமிச்சிருக்கறதால, யாரு, எப்ப, எதை மாத்தினாங்கன்னு வரலாறே இருக்கும். டேட்டாபேஸ்ல யாராவது ஞாயித்துக்கிழமையும் கிளினிக் உண்டுன்னு போட்டுட்டா யாரைப் போய்க் கேப்ப?"

நியாயமாகப் பேசுகிறான். அதுதான் எரிச்சல்.

மார்ச் 18, செவ்வாய்
ஆர்வக்கோளாறு. எல்லாவற்றையும் மாற்றினேன் — டேட்டாபேஸின் முகவரி, கடவுச்சொல் உட்பட, டேட்டாபேஸுக்குள்ளேயே! நிறுத்தித் தொடங்கினால் மென்பொருள் எழுந்திருக்கவில்லை. எப்படி எழும்? பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். நல்லவேளை, அது சோதனைக்கு வைத்திருந்த சர்வர். ஃபைல்சாமி சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. "சாவியாவது வெளிய இருக்கட்டும், தாயே" என்றான்.

மார்ச் 19, புதன்
மென்பொருள் கண் விழிக்கத் தேவையானது ஃபைலில். மனிதர்கள் மாற்றுவது டேட்டாபேஸில். கூடவே ஒரு பதிவு: யார், எப்போது, எதற்காக. காரணம் எழுதாமல் சேமிக்கவே முடியாது. ஃபைல்சாமிக்கு வாயெல்லாம் பல்.

மார்ச் 26, புதன்
அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "தப்பா அமுக்கிட்டா?" "பழையபடி ஆக்கறதுக்கு ஒரு பட்டன் இருக்குக்கா." மூன்று முறை வேண்டுமென்றே தப்பாக அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

ஏப்ரல் 8, செவ்வாய்
கடல். போன் நான்கு நாளாகச் சும்மா கிடக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்
மனசு கேட்கவில்லை. மகள் குளிக்கப் போன நேரத்தில் பதிவைத் திறந்து பார்த்தேன். ஆறு மாற்றங்கள், ஆறும் சரி. காரணங்களில் சில: "டாக்டருக்குக் காய்ச்சல்." "காய்ச்சல் விட்டது." "டாக்டரின் மாமியார் வந்திருக்கிறார், சீக்கிரம் போகணுமாம்." சந்தோஷம்தான். ஆனால் — ஒரு தடவைகூடவா என்னைத் தேடல? இதுக்கெல்லாமா பொறாமைப்படுவாங்க?

ஏப்ரல் 11, வெள்ளி
மதியம் போன். அக்கா! பதறி எடுத்தேன். "என்னக்கா, எது நின்னுபோச்சு?"

"ஒண்ணும் நிக்கலம்மா. இப்பல்லாம் உன்னைக் கூப்பிட ஒரு சாக்கும் இல்ல. அதான் சும்மா கூப்பிட்டேன். கடல் எப்படி இருக்கு?"

மகள் முறைத்தாள். வேலை இல்லை என்று கையை ஆட்டிக் காட்டினேன். அரை மணி நேரம் பேசினோம்.