இரு கைகளுடன்

மார்ச் 3, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்றைக்கு இல்லாத பெஞ்சில் நான் உட்கார்ந்தேன்.

ஞாயிறானால் என்னைப் பார்க்க வரும் அக்காவைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். நிறுத்தத்தில் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதுசு கட்டியிருக்கிறார்கள். பளபளவென்று நிற்கிறது. எத்தனை வருஷப் பழக்கம்! பேசிக்கொண்டே போய், திரும்பி, பாரத்தை இறக்கினேன். பெஞ்சு இருந்தால்தானே? தொப்பென்று தரையில்.

அக்கா முதலில் சிரித்து முடித்தாள், பிறகுதான் கை கொடுத்தாள். அப்புறம் அவள் முகமே மாறிவிட்டது. முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டவள். பஸ் வரும்வரை என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஏறும்போது, "இனிமே நீயே அங்க வந்துடுடி. என்னால நிக்க முடியல" என்றாள்.

போகலாம்தான். ஆனால் அவள் வீட்டில் மருமகள், பேரப்பிள்ளைகள், டிவி. அங்கே நாங்கள் விருந்தாளி மாதிரிதான் பேசிக்கொள்வோம்.

மார்ச் 5

தையல் மெஷினை மிதிக்கிறேன், மனசெல்லாம் அந்தப் பழைய சிமெண்டு பெஞ்சில். ஒரு மூலை உடைந்திருக்கும். அந்த மூலை எனக்கு. சின்னவளாகப் பிறந்தால் அப்படித்தான்.

வீட்டில் பேசாததையெல்லாம் அங்கேதான் பேசுவோம். அத்தான் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள், "காது ரொம்பப் பெரிசுடி" என்று அவள் அழுததும் அங்கேதான். "நல்லதாப் போச்சு, நீ சொல்றதெல்லாம் கேப்பாரு" என்றேன். அழுகையோடு சிரித்தாள். அத்தானுக்கு இந்தக் கதை இன்றுவரை தெரியாது.

மார்ச் 10, ஞாயிறு

அக்கா வரவில்லை.

மார்ச் 13

புதுக் கட்டடத்தில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். நகராட்சிச் செலவு பதினெட்டு லட்சமாம். கீழே: பயணியர் நிழற்குடை, இரு கைகளுடன்.

குடைக்கு எதுக்கு ரெண்டு கை? மேலே பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன். கை மாதிரி எதுவுமே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. அடப்பாவிகளா, இரண்டு கையையும் முழுங்கிவிட்டார்களே!

மார்ச் 16

வார்டு கூட்டம். மேடையில் கவுன்சிலர், பக்கத்தில் எஞ்சினியர். "யாருக்காவது குறை இருக்கா?" என்றார்கள். எழுந்துவிட்டேன்.

"ஐயா, நிழற்குடைக்கு ரெண்டு கைன்னு போர்டு போட்டிருக்கீங்க. ஒண்ணையும் காணோமே?"

கூட்டமே சிரித்தது. எஞ்சினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அம்மா, அது இரு கை இல்ல. இருக்கை. உட்கார்றதுக்கு" என்றார்.

"அப்படியா? சரி, அது எங்க?"

சிரிப்பு பாதியில் நின்றது. கவுன்சிலர் எஞ்சினியரைப் பார்த்தார். எஞ்சினியர் ஃபேனைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார், எங்க வச்சீங்க?" என்று மளிகைக்கடைக்காரர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். அப்புறம் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கண்டிராக்டரிடம் கணக்குக் கேட்பதாகவும், மாதம் முடிவதற்குள் பெஞ்சு போடுவதாகவும் மைக்கில் சொல்லிவிட்டுத்தான் கவுன்சிலர் இறங்க முடிந்தது.

என்னமாய் மடக்கினே என்று எல்லாரும் முதுகில் தட்டினார்கள். எங்கே மடக்கினேன்? நிஜமாகவே கையைத்தான் தேடினேன்! அக்காவிடம் மட்டும் போனில் உண்மையைச் சொன்னேன். "சின்னப் பிள்ளையிலேருந்தே உனக்குப் புள்ளி வச்ச எழுத்து கண்ணுல படாதுடி" என்றாள். ரொம்ப நேரம் சிரித்தாள்.

மார்ச் 30

பெஞ்சு வந்துவிட்டதாம். மளிகைக்கடைக்காரர் சொன்னார். ரெண்டு ஆள் வந்து அவசர அவசரமாய் போல்ட்டை முடுக்கிவிட்டுப் போனார்களாம். அக்காவுக்கு உடனே போன் போட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

அக்கா வந்தாள். சாயங்காலம் சீக்கிரமே நிறுத்தத்துக்குக் கிளம்பிவிட்டோம். இரும்பு பெஞ்சு. இரண்டு மூலையும் முழுசு. காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அத்தானுக்கு இப்போது காது சரியாகக் கேட்கவில்லையாம்.

"அவ்வளவு பெரிசா வச்சிக்கிட்டா?" என்றேன்.

பழையபடி சிரித்தாள். பேச்சு எங்கெங்கோ போனது.

பெஞ்சைச் சுவரைப் பார்க்க மாட்டியிருக்கிறார்கள். ஐந்தரை மணி பஸ் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து, நின்று, போனது. அடுத்தது ஏழு மணிக்கு.