மையவாடி மேட்டின் கதவுச் சிலந்தி

ஒக்டோபர் 14, திங்கள்
சுபஹுத் தொழுகை முடிந்து, எங்கள் பள்ளிவாசலின் அடக்கத்தலமான கெலிஓயா மையவாடியின் பின்புற மண்மேட்டுக்குப் போனேன். கதவுச் சிலந்திகளின் வளைகள் அப்படியே இருக்கின்றன. பாசி பூத்த வட்ட மூடியை விரல்நுனியால் தூக்கினால், உள்ளிருப்பவள் இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள். நான் கற்ற செய்யுள்களில் சிலந்தி என்றால் வலைதான். கதவு வைத்தவளை எவரும் பாடவில்லை.

இவள் பக்கத்து ஊரான கலஹாவில் அறியப்பட்ட இனமா, வேறொன்றா? பெண்களெல்லாம் ஒரே சாயல். ஆணின் வாயருகே உள்ள முன்னுறுப்பை உருப்பெருக்கியில் பார்த்தால்தான் தெரியும். ஆணோ, இந்த மழைக்காலத்தில் மட்டுமே வெளியே அலையும்.

ஒக்டோபர் 18, வெள்ளி
மேட்டை வெட்டி மதில் கட்டப் போகிறார்கள். தள்ளிப்போடும்படி பள்ளிவாசல் தலைவர் ஹலீம் ஹாஜியாரிடம் கேட்டேன்.
"மாஸ்டர், மையத்துகளே ஒண்டும் சொல்லல்ல. ஒங்கட சிலந்திக்கு என்னவாம்?"
சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு இரங்கினார். "சரி, நவம்பர் பத்து மட்டும் பாப்பம். அதுக்கு மேல மண் சரிஞ்சா கபுறெல்லாம் வெளிய வந்திரும்."
அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதுதான் எரிச்சல்.

ஒக்டோபர் 20
யோகட் கோப்பைகளை விளிம்புவரை மண்ணில் புதைத்தேன். அலையும் ஆண் தவறி விழ வேண்டும்.

ஒக்டோபர் 26
மழை. எறும்பு, வண்டு, ஒரு தேரைக்குஞ்சு.

ஒக்டோபர் 29
பல்கலைக்கழகத்தில் சிலந்திகளை வகைப்படுத்தும் ஜனார்த்தனனை அழைத்து, பெண்ணை வைத்தே இனத்தை எழுத முடியாதா என்றேன்.
"ஏலாது சேர். ஆண் கிடைச்சால் சொல்லுங்கோ, உடன வாறன்."
விலங்கியல் கற்பித்த காலத்தில் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 2
கோப்பைகள் இல்லை! பாங்கு சொல்லும் மோதினார் ஸமீம் எல்லாவற்றையும் பிடுங்கிக் கவிழ்த்து அடுக்கியிருக்கிறார்.
"டெங்கு நுளம்பு பாக்க சுகாதாரப் பகுதி பீ.எச்.ஐ. வாறாங்க சேர். தண்ணி நிண்டா பள்ளிக்கு வழக்குப் போட்ருவாங்க."
உள்ளே என்ன இருந்தது என்றேன்.
"ஒண்டுல கறுப்பா, கால் நீட்டா ஒரு பூச்சி. கானுல ஊத்திட்டன்."
வடிகானில் குனிந்து தேடினேன். தண்ணீர் புரண்டு ஓடுகிறது. யா அல்லாஹ் — ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா இந்த மனுசன்? ஒரே ஒரு வார்த்தை!
பொறுமை பற்றிய வசனங்களெல்லாம் நாவில் வந்து நின்றன. நெஞ்சில் ஒன்றும் இறங்கவில்லை.

நவம்பர் 9
அடியில் துளையிட்டு மீண்டும் வைத்த கோப்பைகளில் ஒன்றுமில்லை. மழையும் நின்றுவிட்டது.

நவம்பர் 11
பெக்கோ இயந்திரம் வந்தது. நான் பார்க்கப் போகவில்லை. மண் வெட்டும் சத்தம் வீடுவரை கேட்டது.

ஜனவரி 7
ஜனார்த்தனன் தம் கட்டுரைக்கான பரம்பல் வரைபடத்தை அனுப்பியிருக்கிறார். கலஹாவில் கறுப்புப் புள்ளி. கெலிஓயாவில் வெறும் வட்டம்.
மகள் ஷஹ்மா எட்டிப் பார்த்தாள். "வாப்பா, இதுக்கு மட்டும் ஏன் மை போடல்ல?"
"எந்த இனமெண்டு தெரியாது, மகள்."
"அப்ப இனி?"
பேனையைத் திறந்தேன். அந்தச் சின்ன வட்டத்தை நிரப்ப ஒரு துளி மை போதும். ஷஹ்மா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
பேனையை மூடி வைத்துவிட்டு, அசர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்ய எழுந்தேன்.