பள்ளிவாசலுக்குப் போகாத அந்த வெள்ளிக்கிழமை

என் பிரியமுள்ள காசிம் பாய்,

நீங்கள் கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிவிட்டது. இன்று உங்கள் வீட்டில் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதியதற்குப் போய் வந்த கையோடு எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்க வேண்டியது. எட்டு வருஷமாக வாய் வரவில்லை.

ஆரணியில் நம் சாயப்பட்டறைக்கு அமாவாசை மட்டும்தான் விடுமுறை. நூலைத் திருப்பாமல் விட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்; ஆள் நகர முடியாது. "வெள்ளிக்கெழம தொழுவப் போறப்ப என் தொட்டிய நீ பாத்துக்கப்பா. ஞாயித்துக்கெழம உன்னுத நான் பாத்துக்கறேன், நீ மாதா கோயிலுக்குப் போய்ட்டு வா" என்று வழி சொன்னவர் நீங்கள்தான். என் ஒரு ஞாயிறுகூட உங்களால் தவறியதில்லை.

எழுபத்தெட்டில், ரம்ஜானின் கடைசி வெள்ளி. ஜுரம் என்று பட்டறைக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, சினிமாக் கொட்டகையில் மதியக் காட்சிக்குப் போய் உட்கார்ந்தேன். ஒரு வாரம்தானே என்று நினைத்தேன். என்ன நெஞ்சு அது, பாய்? நீங்கள் நோன்போடு, கொதிக்கும் தொட்டியை விட்டு நகர முடியாமல் நின்றீர்கள்.

அன்று சாயங்காலம் தூக்குச்சட்டியில் நோன்புக் கஞ்சியோடு என் வீட்டுக்கு வந்தீர்கள். "ஜுரம் வுட்டுச்சா? வெறும் வயித்துல மாத்திர போடாத" என்றீர்கள். போர்வைக்குள் இருந்தபடியே வாங்கிக் குடித்தேன்.

இன்று திரைக்குப் பின்னால் இத்தா இருக்கும் உங்கள் வீட்டு அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். அப்போது அவர் சொன்னார்:

"அவருக்குத் தெரியுங்க. கொட்டாயில உங்களப் பாத்தவரு வந்து சொன்ன பெறவுதான் கஞ்சி எடுத்துகினு கெளம்பினாரு. எதுக்குன்னு சண்ட புடிச்சேன். 'நான் கேட்டுட்டா வெக்கப்பட்டுகினு ஞாயித்துக்கெழம என்கிட்ட வர மாட்டான். அவன் கோயிலுக்குப் போறது நின்னுடும், வுடு'ன்னாரு."

பாய், நீங்கள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்தே அந்த ஞாயிறும் என்னை அனுப்பினீர்களே, இதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் அமீர், போன வாரம் தொழுகைக்குப் போகக் கேட்டார். "தொட்டிய பாக்க ஆள் ஏது?" என்று முதலாளி மறுத்துவிட்டார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. முதலாளி முன்னால் போய், "ஆள் இருக்குதுங்க, நான் பாத்துக்கறேன்" என்பேன். அமீர் போய்விட்டு நிதானமாக வரட்டும்.

உங்கள் தம்பி,
சாமுவேல்